எந்த வேலைக்கு மீசை முளைக்கும்?

வாய்யா மருமவனே. மக பத்தாவது பாஸு, மகன் பன்னெண்டாவது பாஸு, ரெண்டு பேரையும் எதுல சேக்கலாம்னு அத்தைகிட்ட யோசனை கேட்டுட்டுப் போலாம்னு வந்தியாக்கும். யோசனை கேக்க வந்தவன் மூஞ்சி மாதிரி தெரியலையே. பையனுக்கு ஐ.டி.ஐ.யில பிட்டர், பிள்ளைக்கு முக்கு வீட்டு அக்காகிட்டத் தையல்னு தீர்ப்பை எழுதிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு, கைநாட்டு வைக்க ஒரு பெரிய மனுசி வேணும்னு வந்திருக்கே. வச்சிருவோம். ஆனா நான் அறிவொளி இயக்கத்துல எழுதக் கத்துக்கிட்டவ, கைநாட்டு வராது. கையெழுத்தாவே போடுறேன். அதுக்கு முன்னாடி நாலு வார்த்தை பேசிக்கிறேன், கேட்டுக்க.

நீ சொல்றது ரொம்பச் சரி. பொம்பளைப் பிள்ளைக்கு இரும்பு ஆகவே ஆகாது. கல்லு ஆகும். மண்ணு ஆகும். சாணி ஆகும். தலையில பன்னெண்டு செங்கல்லை அடுக்கிக்கிட்டு மூங்கில் சாரத்துல ஏறுறது ஆகும். இரும்பு மட்டும் ஆகாது. அரிவாளு, மம்பட்டி, களைக்கொட்டு, அருவாமனை இதெல்லாம் இட்லி மாவுல செஞ்சதுதானே, அதனால பொம்பளை கையில இருக்கலாம். இரும்பு எப்ப மாசச் சம்பளம் குடுக்க ஆரம்பிக்குதோ, அப்பத்தான் அது பொம்பளை உடம்புக்கு ஒத்துக்காமப் போகும். இது வைத்தியருக்கே தெரியாத வியாதி.

நம்ம ஊர்க்காரனுக்கு இது புரியாட்டி வேற எவனுக்குப் புரியும்? தாலுகாவுக்குப் பேரு குளத்தூர் தாலுகா. தாலுகா ஆபீசு எங்க இருக்கு? கீரனூர்ல. பட்டா மாத்தணும்னாலும், வருமானச் சர்டிபிகேட் வேணும்னாலும் குளத்தூர்க்காரன் கீரனூருக்குப் போகணும். பேரு நமக்கு, நாற்காலி அவுகளுக்கு. பொம்பளை பாக்கிற வேலையும் குளத்தூர் தாலுகா மாதிரிதான்யா. மாட்டைக் குளிப்பாட்டுறது அவ, பால் பீச்சுறது அவ, சொசைட்டி பாஸ்புக்கு அவன் பேர்ல. வீட்டுச் சமையல் அவ பேர்ல, கல்யாணச் சமையல் காண்டிராக்ட் அவன் பேர்ல. பஞ்சாயத்துப் போர்டுல தலைவின்னு அவ பேரு, உள்ள நாற்காலியில அவ புருசன்.

எந்த வேலை பொம்பளை வேலை, எந்த வேலை ஆம்பளை வேலைன்னு எப்படிப் பிரிக்கிறாங்கன்னு நான் ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். முதல்ல, மிஷின் வந்தா வேலைக்கு மீசை முளைச்சிரும்னு நினைச்சேன். பாரு, குனிஞ்சு நாத்து நட்டா அது பொம்பளை வேலை. நடவு மிஷின் வந்துச்சு, அதுல ஒரு சீட்டு இருந்துச்சு, சீட்டுல ஆம்பளை ஏறி உக்காந்துட்டான். முறத்துல புடைச்சா பொம்பளை, கதிரடிக்கிற மிஷின் வந்தா ஆம்பளை. உரல்ல குத்தினா பொம்பளை, ரைஸ் மில்லுன்னா ஆம்பளை. அம்மியில மொளகா அரைச்சா பொம்பளை, அதே மொளகாயைப் பெல்ட்டு போட்டு மில்லுல அரைச்சா ஆம்பளை. இடுப்பு வளையிற வரைக்கும் நம்ம வேலை, இடுப்பு நிமிந்தா அவுக வேலை.

அப்புறம் பாத்தா அதுவும் முழுசாச் சரியில்லை. மிக்சி மிஷின் இல்லையா? கிரைண்டர் மிஷின் இல்லையா? 2011ல அரசாங்கமே வீட்டுக்கு வீடு மிக்சி, கிரைண்டர், பேனு குடுத்துச்சு. 'இது கரண்டு சமாச்சாரம், பொம்பளை தொடக்கூடாது, நானே மாவாட்டுறேன்'னு எந்த வீட்டுல எந்த மகராசன் தடுத்தான்? பேனுக்கு அடியில அவன் படுத்தான், கிரைண்டருக்குப் பக்கத்துல அவ உக்காந்தா. அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. மிஷினுக்கு மட்டும் மீசை முளைக்காது. மிஷினோட கூலியும் சேந்து வரணும். கூலி இல்லாத மிஷின் என்னைக்கும் பொம்பளை மிஷின்தான்.

சமையலையே எடுத்துக்க. 1982ல எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டம் கொண்டாந்தாரு. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட யாரு? பொம்பளைங்க. 2022ல காலைச் சாப்பாடு வந்துச்சு, அதை ஆக்கிப் போடுறது யாரு? மகளிர் குழுவுப் பொம்பளைங்க. நல்ல காரியந்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு பெரிய கல்யாணத்துக்கு ஆயிரம் இலை போடணும்னா அண்டாவுக்கு முன்னாடி நிக்கிறது யாரு? தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஒரு ஆம்பளை மாஸ்டரு. கேட்டா, 'அண்டா கனம் தாயி, பொம்பளையால தூக்க முடியாது'ம்பாரு. அண்டாவை அவரும் தூக்கல, நாலு பேரு தூக்குறாங்க. அவரு தூக்குறது அட்வான்ஸ் பணத்தைத்தான்.

இன்னொண்ணு பாரு. கட்டட வேலைக்கு ஒரு பையன் சித்தாளாப் போறான். கொஞ்ச நாள்ல கொத்தனார் கரண்டியை வாங்கி ஒரு வரிசை கல்லு வைக்கிறான். அப்புறம் ரசமட்டம் பிடிக்கிறான். வருசம் ஒண்ணு ரெண்டு போனா அவனே கொத்தனாரு. அதே சைட்டுல அவன் பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்து கலவை போடுற பொம்பளை இருக்கா. கலவை எத்தனைக்கு எத்தனைன்னு அவ கைக்குத் தெரியும், கொத்தனாரு தப்பாச் சொன்னாலும் அவ சரியாப் போடுவா. அவ இன்னமும் சித்தாளு. அவ கையில கரண்டியைக் குடுத்து 'ஒரு வரிசை வச்சுப் பாரு'ன்னு சொல்ல ஒருத்தரும் இல்லை. தொழில் பயிற்சி, தொழில் பயிற்சிங்கிறாங்களே, அது கட்டடத்துல தொடங்குறது இல்லய்யா, அந்தக் கரண்டி யார் கையில போகுதுங்கிறதுல தொடங்குது.

ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்துருச்சு. நம்ம ஆளுங்க சட்டத்தை மதிக்கிறவங்க, மீற மாட்டாங்க. அதனால கூலியைத் தொடல, வேலையோட பேரைப் பிரிச்சுட்டாங்க. அவன் 'பெரியாளு', அவ 'சித்தாளு'. ஒரே வேலை இல்லைன்னா ஒரே கூலி எதுக்கு? எவ்வளவு மூளை பாத்தியா!

என்ன, சிரிக்கிறே? குவாரிக் கதையைச் சொல்லட்டுமா, சிரிப்பு நிக்குதா பாப்போம். நீ அப்பச் சின்னப் பய. குடுமியான்மலைப் பக்கத்துல இருந்து நம்ம புதுக்கோட்டை மாவட்டம் பூரா கல்லுக் குவாரி. சம்மட்டி பிடிச்சு உடைச்சது, சல்லி அடிச்சது, கூடையில அள்ளி லாரியில போட்டது எல்லாத்துலயும் பொம்பளைங்க. கொத்தடிமையாக் கிடந்தவளும் அதுல உண்டு. குத்தகை மட்டும் காண்டிராக்டரு கையில. 'ஐயோ பாவம், பொம்பளை கல்லு உடைக்கலாமா'ன்னு அன்னைக்கு ஒரு ஆளு வாயைத் திறக்கல. 90களோட ஆரம்பத்துல கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, குவாரியை அந்தப் பொம்பளைங்க குழுவுகளுக்கே குத்தகைக்கு விட்டாங்க. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க. லாரி வாடகை பேசினாங்க, கணக்கு எழுதினாங்க, கூலியைத் தாங்களே பிரிச்சுக்கிட்டாங்க. அப்பத்தான் ஊருக்குக் கவலை வந்துச்சு: 'பொம்பளைக்குக் குவாரி நடத்தத் தெரியுமா?' கல்லை உடைக்கையில வராத சந்தேகம், கணக்கு எழுதையில வந்துச்சு. சம்மட்டி பத்துக் கிலோன்னாலும் தூக்கலாம், பேனா கனமாம்! பழைய காண்டிராக்டருங்க சும்மாவா இருந்தாங்க? கலெக்டரு மாறினதும் குவாரியைத் திரும்பப் பிடிக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் பாத்தாங்க. ஒண்ணு மட்டும் அவங்களால முடியல. பொம்பளையால முடியாதுங்கிற பேச்சைத் திரும்பக் கொண்டாற முடியல.

அதே சமயந்தான் சைக்கிளும். அறிவொளிக்காரங்க அ, ஆ சொல்லிக் குடுக்க வந்தாங்க. படிச்ச பொம்பளை வீட்டைத் தாண்டிப் போகணும்னா வண்டி வேணும், வண்டிக்குப் புருசன் கையை எதிர்பாத்தா எங்க போறதுன்னு சைக்கிளையும் பாடத்துல சேத்துட்டாங்க. முத்து பாஸ்கரன்னு ஒரு அறிவொளித் தொண்டர் சைக்கிளுக்குன்னே பாட்டெழுதினாரு, பட்டிதொட்டியெல்லாம் பாடுச்சு. ஞாயித்துக்கிழமையானா மைதானத்துல பொம்பளைங்க கூட்டந்தான். விழுந்தோம், சிராய்ச்சுக்கிட்டோம், திரும்ப ஏறினோம். ரெண்டு வருசம் முடியறதுக்குள்ள மாவட்டத்துல ஒரு லட்சத்துக்கும் மேல பொம்பளைங்க சைக்கிள் ஓட்டினாங்கன்னு பேப்பர்ல போட்டான். 1992ல மகளிர் தினத்துக்குப் புதுக்கோட்டையில பொம்பளைங்க மட்டும் சைக்கிள்ல ஊர்வலம் போனாங்க பாரு, ரோட்டோரத்துல நின்ன ஆம்பளைங்க வாயில ஈ போனது தெரியல.

உங்கப்பன், என் கூடப் பிறந்த மகராசன், என்ன சொன்னான் தெரியுமா? 'பொம்பளை சைக்கிள் ஓட்டினா ஊருக்கு மழை பெய்யாது'ன்னான். ஏண்டா, பொம்பளை சைக்கிள் ஓட்டாத காலத்துலயும் புதுக்கோட்டைச் சீமையில மழை பெய்யலையேன்னேன். வாயை மூடிக்கிட்டான். ஆறு மாசம் போகல, அவனே வந்து 'கீரனூருக்குத்தானே சைக்கிள்ல போறே, அப்படியே எனக்கு மூட்டுவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கியாந்துரு'ங்கிறான். அடக்கம் போச்சுன்னு பேசின வாயி, மாத்திரை வேணும்னு கேக்க எவ்வளவு நேரமாகும்? அப்ப லேடீஸ் சைக்கிளுக்குக் கிராக்கி. கிடைக்காதவங்க ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. வாங்கினப்புறம் அதுதான் வசதின்னு ஆயிருச்சு, முன்கம்பியில பிள்ளையை உக்கார வைக்கலாம்ல. ஆம்பளை சைக்கிள்ல அந்தக் கம்பி எதுக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சதே பொம்பளைங்கதான்.

'அது அந்தக் காலம், படிப்புக்கு இதெல்லாம் ஒத்து வருமா'ங்கிறியா? அந்தக் காலத்துக்கும் முந்தின காலத்தைச் சொல்றேன். நம்ம புதுக்கோட்டையில 1886ல பிறந்த முத்துலட்சுமி அம்மா, மகாராஜா காலேஜுல சேரப் போனாங்க. பொம்பளைப் பிள்ளை வந்து உக்காந்தா பையனுங்க கெட்டுப்போவாங்கன்னு பெரிய மனுசங்க குதிச்சாங்க. கெட்டுப்போறது பையன்னா பையனையில்ல கட்டிப்போடணும்? ஆனா மன்னரு மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேத்துக்கச் சொல்லிட்டாரு. அந்தப் பிள்ளை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுல படிச்சு 1912ல டாக்டராயிருச்சு. சட்டசபைக்குப் போச்சு, அடையாறுல புத்துநோய் ஆசுபத்திரி கட்டுச்சு. நம்ம ஜில்லாக்காரி டாக்டராகி நூறு வருசத்துக்கு மேலாச்சு. நீ உன் மகளை ஐ.டி.ஐ. படிக்க வைக்கவே மேலயும் கீழயும் பாக்குறே.

கன்னியாகுமரிப் பக்கம் வசந்தகுமாரின்னு ஒரு பொம்பளை 1993ல கவர்மெண்டு பஸ்ஸுக்கு டிரைவரானாங்க. ஆசியாவுலயே முதல் பொம்பளை பஸ் டிரைவருன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் முப்பது வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு. 2021லேந்து டவுன் பஸ்ல பொம்பளைக்கு டிக்கெட் கிடையாது, நானும் மகராசி மாதிரி ஏறி இறங்குறேன். பஸ்ல பாதிக்கு மேல பொம்பளைங்க. ஸ்டியரிங்ல ஒருத்தியைப் பாக்கணும்னா மட்டும் பேப்பர்லதான் பாக்கணும். உக்காந்து போக இலவசம், ஓட்டிப் போக யோசனை.

இரு, இரு, உன் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ராத்திரி ஷிப்டு. பொம்பளைப் பிள்ளை ராத்திரியில எப்படி? நீ மட்டும் இல்லய்யா, 1948ல போட்ட பாக்டரிச் சட்டமே உன்னை மாதிரிதான் கவலைப்பட்டுச்சு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பொம்பளையை பாக்டரியில வேலைக்கு வைக்கக் கூடாதுன்னுச்சு. ரொம்ப நல்ல மனசு. ஆனா பாரு, ஆசுபத்திரியில ராத்திரி பூரா நர்சம்மா கண்ணு முழிச்சா, அவளைப் பத்தி ஒருத்தரும் கவலைப்படல. விடியக்காலம் மூணு மணிக்குப் பூக்கட்டுறவ, கருவாட்டுக் கூடையோட சந்தைக்குப் போறவ, இவங்களுக்கெல்லாம் இருட்டு ஒண்ணும் செய்யாது. ஓவர்டைம் குடுக்கிற இருட்டுதான் ஆபத்து. 2000த்துல மெட்ராஸ் ஐகோர்ட்டு அந்தச் சட்டப்பிரிவு செல்லாதுன்னு சொல்லிருச்சு. பயமே இல்லைன்னு நான் சொல்லல. வண்டி விடணும், விளக்குப் போடணும், கூட ஆளு இருக்கணும். அதைக் கம்பெனியைப் பாத்துக் கேக்கணும்யா, பிள்ளையைப் பாத்து வீட்டுல இருன்னு சொல்லக்கூடாது.

'அதுக்கு மில்லுக்கு அனுப்பலாமே, அங்க பொம்பளைப் பிள்ளைங்க நிறைய இருக்காங்களே'ன்னு உன் பொண்டாட்டி சொன்னாளாக்கும். நிறையத்தான் இருக்காங்க. இந்தியா பூரா பாக்டரியில வேலை பாக்கிற பொம்பளைங்கள்ல நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்களாம். பெருமைதான். ஆனா ஏன் எடுக்கிறாங்கன்னு கேளு. 'பொம்பளைக்கு விரலு சன்னம், பொறுமை ஜாஸ்தி'ம்பாங்க. விரலு சன்னமா இருக்கிறதுதான் காரணம்னா, நகை செய்யிற பத்தருங்க எல்லாரும் பொம்பளையால்ல இருக்கணும்? நம்ம வீதியில ஒரு பத்தரம்மாவைக் காட்டு, காதுல கிடக்கிற தோடைக் கழட்டித் தாரேன். விரலு இல்லய்யா காரணம். எதுத்துப் பேசாத வாயி.

சுமங்கலித் திட்டம்னு ஒண்ணு ஓடுச்சே, மறந்துட்டியா? நம்ம பக்கத்துப் பிள்ளைகளையும் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்லுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு வருசம் ஆஸ்டல்ல அடைஞ்சு வேலை பாத்தா, கடைசியில மொத்தமாப் பணம், கல்யாணத்துக்கு நகை வாங்கிக்கன்னாங்க. பிள்ளையோட சொந்தக் கூலியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, அதையே சீதனமாத் திருப்பிக் குடுக்கிற தர்மம். மூணு வருசம் முடியறதுக்குள்ள நோயில விழுந்து வெறுங்கையோட வந்த பிள்ளைங்க எத்தனை! அப்புறம் செல்போன் கம்பெனி வந்துச்சு. அது நல்லதுன்னு பாத்தா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் செய்யிற பாக்ஸ்கான்ல கல்யாணமான பொம்பளையை எடுக்காம ஒதுக்குறாங்கன்னு 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ்காரன் எழுதினான். கம்பெனி மறுத்துச்சு, மத்திய அரசாங்கம் விவரம் கேட்டுச்சு. எனக்கு எதுவும் புதுசா இல்லை. நூல் மில்லுல கல்யாணத்தைக் காட்டி வேலைக்குக் கூப்பிட்டாங்க, இங்க கல்யாணத்தைக் காட்டி வேலை இல்லைன்னாங்களாம். ஆம்பளை வேலைக்குப் போனா, தாலி கட்டிட்டியா இல்லையான்னு யாராவது கேட்டிருக்காங்களா?

அதனாலதான் சொல்றேன், பிள்ளைக்குக் கையில ஒரு தொழில் வேணும். எவன் வந்தாலும் 'எனக்கு இது தெரியும், இவ்வளவு கூலி'ன்னு சொல்ற தொழில். இப்ப உன் சட்டைப்பைத் தீர்ப்புக்கு வர்றேன். ஐ.டி.ஐ.யிலயே தையலும் இருக்கு, வெல்டிங்கும் இருக்கு. ரெண்டும் ஒரு வருசம். ரெண்டுக்கும் எட்டாவது படிச்சாப் போதும். ரெண்டுக்கும் கண்ணு கூர்மையா இருக்கணும், கை நடுங்கக் கூடாது. சர்க்காரு ரெண்டையும் சரிசமமாத்தான் வச்சிருக்கு. பிரிச்சு வச்சது நீயும் நானும். இந்தப் பக்கம் திருச்சியில பெல் கம்பெனி பாய்லர் செய்யுது. வெல்டிங்குக்குன்னே அங்க ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அந்தக் கம்பெனியை நம்பிச் சுத்தி எத்தனை பட்டறை! நம்ம தாலுகா மாத்தூர்ல சிட்கோ பேட்டை இருக்கு. வீட்டுக்கு வீடு ஒரு தையல் மிஷின் இருக்கிற ஊர்ல, இன்னொரு தையல்காரிக்கு யாரு ஜாக்கெட் குடுப்பா? நல்ல வெல்டரு வேணும்னு ஆளு தேடுறாங்க, நீ பிள்ளையை ஊசியில கோக்கப் பாக்குறே.

அவ பத்தாவது பாஸுல்ல, எலக்ட்ரீசியனோ பிட்டரோ மிஷினிஸ்டோ ரெண்டு வருசம் படிக்கலாம். பொம்பளைக்குன்னு நூத்துக்கு முப்பது சீட்டு ஒதுக்கியிருக்காங்க. கவர்மெண்டு ஐ.டி.ஐ.யில படிக்கிறப்ப மாசம் 750 ரூவா குடுக்கிறாங்க, சைக்கிளு குடுக்கிறாங்க, பஸ் பாஸு குடுக்கிறாங்க. கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைக்கு 2022லேந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம், அது ஐ.டி.ஐ.க்கும் உண்டு. அந்தத் திட்டம் முன்னாடி என்னவா இருந்துச்சு தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மா பேர்ல தாலிக்குத் தங்கம் குடுத்த திட்டம். தாலிக்குப் போன தங்கத்தைப் படிப்புக்குத் திருப்பி விட்டுட்டாங்க. கவர்மெண்டுக்கே புத்தி திரும்பிருச்சு, என் மருமவனுக்கு இன்னும் திரும்பல. இன்னொரு சேதி, ஐ.டி.ஐ.யில ஆம்பளைக்கு நாப்பது வயசு வரைக்குந்தான், பொம்பளைக்கு உச்ச வயசு கிடையாது. நீ உன் மகளைச் சேக்காட்டி, அந்தப் பாரத்தை என்கிட்டக் குடு. அறிவொளி சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு நான் எட்டாவதைப் பாஸ் பண்ணிட்டு வெல்டிங்ல சேந்துருவேன். பேரன் பேத்தி வயசுப் பிள்ளைங்களோட உக்காந்தா எனக்கும் பொழுது போகும்.

'வெல்டரை எவன் கட்டுவான்?' அதானே கடைசி அஸ்திரம்? சொல்லுவேன்னு தெரியும். சாமிக்கு முன்னாடியே இந்த அஸ்திரம் செல்லல. ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில மூணு பொம்பளைப் பிள்ளைங்க படிச்சு 2023ல சர்டிபிகேட் வாங்குச்சுங்க. கருவறைக்குப் போக ஒரு பிள்ளை படிக்கலாம்னா, கரண்டு கம்பத்துக்குப் போகப் படிக்கக் கூடாதா? கட்டுறவன் வருவான்யா. மாசம் பொறந்தா சம்பளம் கொண்டாற பிள்ளையைக் கட்ட மாட்டேங்கிறவன், கட்டினப்புறம் உன்கிட்டத்தான் பைக்கு கேட்டு நிப்பான். அவனை இப்பவே சலிச்சு எடுத்துட்டா உனக்குத்தான் மிச்சம்.

மகளைப் பத்தி இவ்வளவு பேசிட்டோம், மகனை மறந்துட்டோமே. அவனுக்கு பிட்டர் வேணும்னு அவன் சொன்னானா, நீ சொன்னியா? நான் அவனைக் கெடாவெட்டுல பாத்தேன். அவன் வயசுப் பயலுக எல்லாம் செல்லைப் பாத்துக்கிட்டு இருந்தானுங்க, இவன் அண்டாவை விட்டு நகரல. உப்பு எப்பப் போடுறது, தீயை எப்ப இழுக்கிறதுன்னு மாஸ்டரைக் கேட்டுக் கேட்டு அரிக்கிறான். அவனைக் கொண்டுபோய் அரம் பிடிக்கச் சொன்னா, அரமும் கெட்டுப்போகும், அவனும் கெட்டுப்போவான். ஐ.டி.ஐ.யில சமையல் படிப்பும் உண்டு. 'ஆம்பளைப் பய கரண்டி பிடிக்கிறதா'ன்னு நீ கூசுறே. கல்யாண மாஸ்டரு யாருன்னு இப்பத்தானே பேசினோம்? தையலையும் மட்டமா நினைக்காதே. டவுன்ல 'லேடீஸ் டெய்லர்'னு போர்டு போட்ட கடைக்குள்ள எட்டிப் பாரு, கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறவனுக்கு மீசை இருக்கும். போர்டு போட்டுக் கூலி வாங்கினா அதுக்குப் பேரு தொழிலு, கடைவீதியில இடம் வேணும். வீட்டு மூலையில உக்காந்து பக்கத்து வீட்டுக்குக் கிழிஞ்சதைத் தச்சா அதுக்குப் பேரு பொழுதுபோக்கு, 'என்னத்தா, உன்கிட்டப் போயி காசா'ம்பாங்க. உன் மகளுக்குத் தையல்தான் பிடிக்கும்னா தாராளமாப் படிக்கட்டும். ஆனா முடிச்சதும் கீரனூர் கடைவீதியில அவ பேர்ல ஒரு போர்டு தொங்கணும். அதுக்கு வாடகை அட்வான்ஸ் குடுக்க இப்பவே சீட்டுக் கட்டு.

பிள்ளைகளைக் கேட்டியான்னா இல்லைங்கிறே. ஜோசியரைக் கேட்டாச்சு, மச்சானைக் கேட்டாச்சு, டீக்கடையில பஞ்சாயத்து வச்சாச்சு, கடைசியில அத்தைகிட்டயும் வந்தாச்சு. படிக்கப் போறது ஜோசியர் மகனா? இந்த வாரமே ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஐ.டி.ஐ. பட்டறைக்குள்ள போ. வாசல்ல நின்னு பாரத்தை வாங்கிட்டு வந்துராதே. எல்லாப் பட்டறையையும் சுத்திப் பாக்கட்டும், எந்த மிஷின்கிட்ட எவன் கால் நிக்குது, எவ கால் நிக்குதுன்னு நீ பாரு. வாத்தியாருகிட்ட மூணு கேள்வி கேளு: பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கக்கூசு பட்டறைக்குப் பக்கத்துல இருக்கா, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, போன வருசம் படிச்ச பிள்ளைங்க இப்ப எங்க வேலை பாக்குதுங்க. மூணாவது கேள்விக்கு அவரு மென்னு முழுங்கினா வேற ஐ.டி.ஐ. பாரு. அங்க படிக்கிற பிள்ளைங்க ரெண்டு மூணு பேர்கிட்டயும் பேசச் சொல்லு. வாத்தியாரு சொல்லாததை அதுங்க சொல்லும்.

இவ்வளவு செஞ்சும் ஒண்ணை விட்டுட்டா எல்லாம் வீண். உன் மக பட்டறையில எட்டு மணி நேரம் நின்னுட்டு வருவா. மகனும்தான் வருவான். வந்ததும் அவன் காலை நீட்டுவான், அவ அடுப்பைப் பத்த வைப்பான்னா, ரெண்டாவது வருசத்துல அவளே படிப்பை விட்டுருவா. அப்ப நீ ஊர்ல போய், 'நான் சேத்துத்தான் விட்டேன், பொம்பளைப் பிள்ளையால முடியல'ன்னு சொல்லுவே. முடியாமப் போனது பட்டறையிலயா, உன் அடுப்பங்கரையிலயா?

என்ன பேசாம இருக்கே? சிங்கப்பூர்ல கட்டட வேலைக்குப் போகணும்னு லட்சக்கணக்குல குடுத்து நீயும்தானே ஸ்கில் டெஸ்ட் எழுதினே? அங்க ரூம்ல இருந்தவனுங்க எல்லாரும் மீசை வச்சவனுங்கதானே, சோறு ஆக்குனது யாரு, சட்டை துவைச்சது யாரு, பித்தான் தச்சது யாரு? ஊருக்கு வந்தப்ப, ரூம்ல எட்டுப் பேருக்கும் என் ரசந்தான்னு இதே திண்ணையில நீதான் பீத்திக்கிட்டே. எட்டுப் பேருக்கு ரசம் வச்சவனுக்கு, வீட்டுல இருக்கிற நாலு பேருக்கு வைக்க என்ன கேடு? புளியைக் கரைக்கச் சொல்லி நான் யாரையும் அனுப்ப மாட்டேன், நீயே கரைச்சுக்க.